பதினேழாவது கேள்வி

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. பூங்கொடி சொன்னாள், அவளுக்குப் பேச்சிமுத்து சொன்னது. அவன் சொல்லும்போது அவள் பாதி நேரம் பேருந்தின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுவானோ என்று. ஆகவே இதில் சில இடங்கள் அவன் சொன்னவை, சில அவள் ஊகித்தவை, மிச்சத்தை நான் நிரப்பியிருக்கிறேன். எங்கெங்கே நிரப்பினேன் என்று கேட்டால் இப்போது எனக்கே காட்டத் தெரியாது.

கோயம்புத்தூரில் கார் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனி, வருஷத்துக்குச் சிலரைத் தைவானில் உள்ள கூட்டாளித் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பும். அந்த வருஷம் போனவர்கள் மூன்று பேர். மேற்பார்வைக்கு ரெஜினால்ட், மார்த்தாண்டத்துக்காரர், நாற்பது வயது. பெருந்துறைப் பூங்கொடி. சங்கரன்கோவில் பேச்சிமுத்து, வயது இருபத்துநாலு, விசைத்தறி ஓட்டுகிறவரின் மகன், வீட்டில் முதல் பட்டதாரி. மூன்று மாதம் முடிந்து பூங்கொடி திங்கட்கிழமை ஊர் திரும்புகிறாள். அதே திங்கட்கிழமை பேச்சிமுத்து இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பிரஸ் லைனுக்குப் போகிறான். நானூறு டன் அழுத்தத்தில் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற இயந்திரங்கள். ஒன்றுக்கு ஓர் ஆள் பொறுப்பு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைப் பார்க்கும் சூ மேடம், மூவரையும் மலையடிவாரத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கும் அதன்பின் ஒரு விசேஷமான ஹோட்டலுக்கும் கூட்டிப்போனார். நடந்தது அவ்வளவுதான்.

ரோலர் கோஸ்டர் வரிசையின் ஓரத்துப் பலகையில் நான்கு படங்கள் இருந்தன. விரிசல் விட்ட இதயம். வயிறு புடைத்த பெண். கழுத்தில் பட்டை கட்டிய ஆள். நாலாவது ஒரு தலை, அதற்குள் ஒரு மின்னல். நான்கின் மேலும் சிவப்புக் கோடு. சீன எழுத்துப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று வரைந்திருக்கிறார்கள், புரிகிறது, புரிந்துவிட்டது, இனி வேறு பக்கம் பார்க்கலாம் என்று பேச்சிமுத்து வேறு பக்கம் பார்த்தான். பார்த்த இடத்தில் அதே பலகை இன்னொன்று இருந்தது. வரிசை நகர்ந்தது, அவனும் நகர்ந்தான். தலைக்கு மேலே ரோலர் கோஸ்டர் ஒருமுறை போய்க் கத்தலை மட்டும் விட்டுவிட்டு மறைந்தது. மின்னல் என்று இவர்களுக்கு யார் சொன்னது? அவனுக்கு மின்னல் எதுவும் வந்ததில்லை. ரப்பர் கருகும் வாடைதான் வந்தது. பதிமூன்று வயதில், எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற வழியில் முதல் தடவை, நாலு மாதம் கழித்து வீட்டுக்குள் இரண்டாம் தடவை. இரண்டு தடவையும் எவனோ பக்கத்தில் டயரைக் கொளுத்துகிறான் என்று நினைத்தான், இரண்டாம் தடவை அம்மாவிடம் கேட்கவே செய்தான், யாரும்மா டயரக் கொளுத்துறா என்று, அம்மா முறத்தைக் கீழே வைத்ததைப் பார்த்தான், அதற்கு அடுத்தது அம்மாவின் முகம் மிக அருகில் இருந்தது, டிரவுசர் நனைந்திருந்தது, நடுவில் இருந்ததை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் எடுத்துவிட்டார்கள் என்று அவன் பிறகு பலரிடம் கேட்டான். ஒருவர் ரெண்டு நிமிசம் என்றார், ஒருவர் அரைமணி என்றார். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக, எங்கே நின்றாலும் மூக்கு ஒரு தனி வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்லூரியில் நேர்முகத்தேர்வு அன்று, விமானம் ஏறிய அன்று, முதன்முதல் பிரஸ் அடிப்பதைப் பார்த்த அன்று. இப்போது என்ன வாடை? எண்ணெய், சர்க்கரைப் பாகு, முன்னால் நிற்கும் பெண்ணின் தலையில் பூசிய ஏதோ, அப்புறம் கருகல். கருகல்தானா? "ஏன் பேச்சி, மூக்க இப்பிடி உறிஞ்சற? சளியா?" என்றாள் பூங்கொடி. என்னமோ கருகுது என்றான். "கணவா மீனு. அங்க பாரு, குச்சில குத்திச் சுடறாங்க. உனக்கு ஒண்ணு வாங்கித் தரட்டா?" கணவா மீன்தான். கண்ணால் பார்த்துவிட்டான், புகை அங்கிருந்துதான் வருகிறது, நிம்மதி என்று மூச்சை விட்ட நேரம் ரோலர் கோஸ்டர் மேடைக்குள் வந்து பிரேக் பிடித்தது, இப்போது வந்தது சந்தேகமில்லாமல் ரப்பர். உண்மையான ரப்பர், உலகத்துக்கு எல்லாம் பொதுவான ரப்பர், பூங்கொடிக்கும் அடித்திருக்கும், அவள் மூக்கைக்கூடச் சுளித்தாள், இருந்தும் அவன் கால் வரிசையைவிட்டு வெளியே வந்துவிட்டது.

"என்னடே மக்கா, முக்கா மணிக்கூர் நின்னுட்டு இப்பம் திரும்புத?" என்றார் ரெஜினால்ட். வயிறு சரியில்லண்ணே என்றான். "சங்கரன்கோயில் ஆடித்தவசுல ராட்டினம் போடுவாங்கன்னு சொன்ன, அதுல ஏறினதில்லையா நீ?" என்று பூங்கொடி கேட்டாள். ஏறியதில்லை, பதிமூன்றுக்கு முன்னால் காசில்லை, அதற்குப்பிறகு அம்மா விடவில்லை. அதைச் சொல்லாமல் சிரித்தான். "அப்ப இந்தா, பையப் பிடி. பையத் தொலைச்சயின்னா என்ற பாஸ்போர்ட் போச்சு, அப்பறம் ரெண்டு வருசமும் உங்கூட நானும் இங்கதான்." மூன்று பைகளும் சூ மேடத்தின் தொப்பியும் அவன் கைக்கு வந்தன.

பெஞ்சில் உட்கார்ந்தான். பை காப்பது நல்ல வேலை, யாரும் ஏன் ஏறவில்லை என்று கேட்கமாட்டார்கள், பை காக்கிறவனுக்கு ஒரு காரணம் மடியிலேயே இருக்கிறது. தைவானுக்கு அனுப்புமுன் கம்பெனி நிரப்பச் சொன்ன உடல்நலப் பாரத்தில் இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம், ஆம், இல்லை. சர்க்கரை, இல்லை. ரத்தக் கொதிப்பு, இல்லை. காசநோய், இல்லை. இல்லை என்பது ஒரு பழக்கம்போல வரிசையாக இறங்கிக்கொண்டு வந்தது, பதினேழில் பேனா நின்றது. எவ்வளவு நேரம் நின்றது? எதிரில் இருந்த மனிதவளப் பிரிவுக்காரர் போனில் யாரிடமோ மதியச் சாப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை, பார்த்திருக்க முடியாது. பதினேழிலும் இல்லை என்று குறி போட்டான், மற்றக் குறிகளின் சாய்வு எப்படியோ அப்படியே, கொஞ்சம் நிமிர்ந்து போனால்கூட இது வேறு என்று தெரிந்துவிடும் என்று. இப்போது நினைத்தால் அந்தச் சாய்வுதான் உறுத்துகிறது. பொய்கூட அவசரத்தில் போட்டதாக இருக்கலாம். சாய்வை அளந்து போட்டது அவசரமில்லை. ஆனால் பொய்தானா? ஐந்து வருஷம் மாத்திரை தின்று, பாளையங்கோட்டை டாக்டரே போதும் என்று நிறுத்தி, அதன்பின் ஆறு வருஷம். இப்போது உனக்கு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. எப்போதாவது இருந்ததா என்று கேட்டால் இருந்தது. பாரத்தில் எப்போதாவது என்றுதான் இருந்தது. அவன் பாரங்களை முழுக்கப் படிக்கிறவன். வீட்டில் ரேஷன் கார்டு முதல் அப்பாவின் சங்கத்து விண்ணப்பம் வரை அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும், ஆகவே எப்போதாவது என்பது அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. பிரஸ்ஸின் முன்னால் இரண்டு பொத்தான் இருக்கும், இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். விழுந்தால் கை விலகும். கை விலகினால் நிற்கும். ஆகவே யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதை அவன் மூன்று மாதமாகத் தினம் ஒருமுறையாவது சொல்லிப் பார்த்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும் சரியாகவே வருகிறது, சரியாக வந்ததும் அச்சு மாற்றுகிற வேலை ஞாபகம் வருகிறது. அச்சு மாற்றும்போது இரண்டு பேர். ஒருவன் கையை உள்ளே விட்டுப் போல்ட்டைத் தளர்த்துவான், மற்றவன் அச்சை ஏற்றி இறக்கும் விசையருகே நிற்பான், பாதுகாப்புக் கட்டையை வைத்துப் பூட்டுகிறவரை ஏழெட்டு விநாடி. அந்த ஏழெட்டு விநாடியில் உள்ளே இருக்கும் கை யாருடையது? பயிற்சியில் ஆ-வெய் என்ற பையன் கையை விட்டான், மணிக்கட்டில் பச்சைக் கயிறு. எதிரே நின்றவன் பேச்சிமுத்து. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. எத்தனை தடவை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கினான், பதினோரு வருஷம், நாளைக்கு இத்தனை விநாடி. மடியில் இருந்த தொப்பி சரிந்து கீழே விழுந்தது, எடுத்துத் தட்டினான், கணக்கு எங்கே விட்டது என்று தெரியவில்லை. சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் ஊரில் என்ன சொல்வது? அப்பா தறிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், தைவான் என்ற பெயரை அவர் தைவாணம் என்றுதான் சொல்கிறார். சொல்லாவிட்டால் ஆ-வெய்யின் கை. சொன்னால் அப்பா. சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றுமே இல்லை, ஒன்றுமே நடக்காமல் இரண்டு வருஷம் முடிந்து, அப்படியும் ஒன்று இருக்கிறதே. அந்த ஒன்றில்தான் அவன் மூன்று மாதமாகக் குடியிருந்தான்.

அவர்கள் முடி கலைந்து இறங்கி வந்தார்கள். ரெஜினால்ட்டுக்கு முகம் வெளுத்திருந்தது, பூங்கொடி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு பூங்காவைச் சுற்றிவரும் சின்ன ரயிலில் ஏறினார்கள், இதற்குப் பலகை கிடையாது, கைக்குழந்தைகள்கூட ஏறின, பேச்சிமுத்துவும் ஏறினான். ரயில் ஒரு பாக்குத் தோப்பின் ஓரமாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. சாய்ந்த வெயில், ஒரே அளவாக நட்ட மரங்கள். வெளிச்சம் நிழல் வெளிச்சம் நிழல் வெளிச்சம். இப்படி வெட்டி வெட்டி வரும் வெளிச்சம் விழவைக்கும், ஒற்றைக் கண்ணை மூடினால் நல்லது என்று எங்கோ படித்திருக்கிறான், ஊர்ப் பேருந்தில் புளியமரச் சாலை வந்தால் எப்போதும் அதைத்தான் செய்வான், வலது கண்ணை இறுக்கி மூடினான். எதிரே உட்கார்ந்திருந்த பூங்கொடி, "அடப்பாவி, கண்ணடிக்கறியா? நாளைக்கு ஊருக்குப் போறேன், இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சா?" என்றாள். தூசி என்றான். அதுதான் தப்பு. சூ மேடம் தூசி என்ற சொல்லைச் சைகையிலிருந்தே புரிந்துகொண்டு, கைப்பையைத் துழாவிக் கண்மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துவிட்டார். வேண்டாம் மேடம். பரவாயில்லை, என் மகனுக்குப் போடுவதுதான், அண்ணாந்து பார். தூசியே இல்லாத கண்ணில் இரண்டு சொட்டு விழுந்தது, குளிர்ந்தது. அண்ணாந்திருந்ததால் மரங்கள் தெரியவில்லை, தோப்பும் முடிந்திருந்தது. ஒரு பொய்க்கு ஒரு மருந்து. இப்படியே போனால் இந்த அம்மாள் இன்னும் எத்தனை நோய்க்கு மருந்து தருவாள் என்று நினைத்தான். அவள் மேல் கோபம்கூட வந்தது, அவ்வளவு அக்கறையாகக் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஹோட்டல் என்று அவர் சொன்னது ஆஸ்பத்திரியாக இருந்தது. அதாவது ஆஸ்பத்திரிபோலச் செய்த ஹோட்டல். அதற்கு இடம் கிடைக்க மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டுமாம், சூ மேடம் பெருமையாகச் சொன்னார். வாசலில் நர்ஸ் உடையில் நின்ற பெண் நால்வர் மணிக்கட்டிலும் பெயர் எழுதிய காகிதப் பட்டை கட்டினாள். நாற்காலிகள் எல்லாம் சக்கர நாற்காலி. மேசை எவர்சில்வர். எலுமிச்சைச் சாறு குளுக்கோஸ் பையில் தொங்கியது, குழாய் வழியாக உறிஞ்ச வேண்டும். மிளகாய்ச் சாறு ஊசி இல்லாத சிரிஞ்சில் வந்தது. "ஊர்ல காசு குடுத்து இதுக்குள்ளேருந்து வெளிய வருவானுவ, இங்க காசு குடுத்து உள்ள வாறானுவ," என்று ரெஜினால்ட் சக்கர நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். பூங்கொடி குளுக்கோஸ் பையோடு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி, அடுத்த நிமிஷம் அம்மா அலறிக்கொண்டு கூப்பிட, "அம்மா, ஒண்ணும் இல்லம்மா, இது ஜூஸும்மா" என்று ஐந்து நிமிஷம் விளக்கிக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்துவுக்குப் பாளையங்கோட்டை டாக்டரின் முன்னறை ஞாபகம் வந்தது, அங்கே இருந்த மீன் தொட்டியில் மீன் இல்லாதது, அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது. அம்மா வேறெங்கும் முக்காடு போடமாட்டாள். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் பல்வலி என்று சொல்லச் சொல்லியிருந்தாள், ஐந்து வருஷமும் அவனுக்குப் பல்வலி. அப்போது ஆளுக்கொரு அட்டை வந்தது.

நோயாளி அட்டை. பெயர், வயது, என்ன கோளாறு, எப்போதிலிருந்து, இதுவரை என்ன வைத்தியம். எழுதிக் கொடுத்தால் ஒரு டாக்டர் வந்து படித்து, அதற்கேற்ற சாப்பாட்டை எழுதித் தருவாராம். இங்கே அதுதான் விளையாட்டு, சத்தமாகப் படிப்பார்கள், எல்லா மேசையும் கேட்கும். பூங்கொடி கோளாறு என்ற இடத்தில் பசி என்றும், எப்போதிலிருந்து என்ற இடத்தில் பிறந்ததிலிருந்து என்றும் ஆங்கிலத்தில் எழுதினாள். ரெஜினால்ட் மனைவி சொல் கேட்காமை, பதினொரு வருடம் என்று எழுதினார். பேச்சிமுத்து பேனாவைத் திறந்தான். கட்டங்கள் கம்பெனிப் பாரத்தின் கட்டங்கள் அளவே இருந்தன, கோடுகூட அதே மங்கிய நீலம். பொய் எழுத வேண்டும், வேடிக்கையாக ஒரு பொய், இது பொய் எழுதுவதற்கென்றே கொடுத்த காகிதம். காதல் என்று எழுதலாம், எல்லோரும் சிரிப்பார்கள். எழுதப் போனால் கை வரவில்லை. மூன்று மாதத்துப் பொய் போதும் என்று அலுத்ததோ, அல்லது இந்தக் காகிதம் எச்சில் தட்டோடு குப்பைக்குத்தான் போகும் என்ற நினைப்போ, தமிழில் எழுதினான். தமிழில் எழுதினால் அந்த டாக்டருக்கு என்ன தெரியும், சும்மா ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். வலிப்பு. பதிமூணு வயசில் ரெண்டு தடவை. அஞ்சு வருஷம் மாத்திரை. இப்போது இல்லை. கம்பெனிப் பாரத்தில் பதினேழாவது கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. அட்டையைக் கவிழ்த்து வைத்தான். நர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் இருபது வயது இளைஞன், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் ஒலிபெருக்கி. பசிக்கு இரட்டைத் தட்டு நூடுல்ஸ் எழுதினான். மனைவி சொல் கேட்காதவருக்கு ஆட்டுக் காது சூப் என்றான், ஹோட்டலே கைதட்டியது. மூன்றாவது அட்டையை எடுத்தான், பார்த்தான், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான், அதற்கும் சிரித்தார்கள். பிறகு அந்த அட்டையை ரெஜினால்ட் கையில் கொடுத்து, உங்கள் ஊர் எழுத்துதானே, படித்துச் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினான். பேச்சிமுத்து இதை நினைக்கவே இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை படிக்கிறவன், மேசையில் இன்னும் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியும் என்பதை எப்படி மறந்தான்? மூன்று மாதமாகத் தமிழ் என்பது எவருக்கும் தெரியாத ஒன்றாக இருந்து பழகிவிட்டதா? ரெஜினால்ட் படித்தார். உதடு அசையவில்லை. ஒருமுறை படித்தவர் இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார், அவர் கண் இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு இறங்குவது தெரிந்தது. நாளைக்குப் பிரஸ் லைனுக்கு இவன் தகுதி என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர்தான். ஒலிபெருக்கி காத்திருந்தது. ரெஜினால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "தூக்கமில்லையாம். அறையில் கூட இருக்கும் கிழவன் குறட்டை விடுகிறானாம். அந்தக் கிழவன் நான்தான்." எல்லோரும் சிரித்தார்கள், சூ மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் பேச்சிமுத்துவுக்குத் தாமரை விதைக் கஞ்சி எழுதினான். அட்டை மட்டும் திரும்பிப் போகவில்லை. ரெஜினால்ட் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வைத்துவிட்டு அவன் பக்கம் பார்க்காமல் சூப்பைக் கிளறினார்.

பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள். அதற்கு அந்த ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எல்லாம் அணைந்து, ஆம்புலன்ஸ் சைரன் கூவி, கூரையிலிருந்து சிவப்பும் நீலமும் மாறிமாறி வெட்ட, ஸ்ட்ரெச்சரில் கேக் வரும். முன்னறிவிப்புக் கிடையாது. சிவப்பு நீலம் சிவப்பு நீலம், பாக்குத் தோப்பைவிட வேகம், பூங்கொடியின் பல் சிவப்பு, பூங்கொடியின் பல் நீலம், அவன் வலது கண்ணை மூடினான், மூடினால் போதுமா, இரண்டையும் மூடினால் இமைக்குள்ளேயும் அதே வெட்டு, மூக்கு என்ன சொல்கிறது, வினிகர், மெழுகுவர்த்தி, கருகலா, மெழுகுவர்த்தியா, மெழுகுவர்த்திதான், இல்லை. மேசைக்கு அடியில் யாரோ அவன் கையைப் பிடித்து விரலைப் பிரித்தார்கள். உள்ளங்கையில் ஏதோ திணிக்கப்பட்டது, குளிர்ச்சியாக, பல் பல்லாக, கனமாக. விரல்களை மேலே மடக்கி ஒரு பெரிய கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சாவிக்கொத்து. அவர்கள் தங்கியிருந்த அறையின் சாவி, அலமாரிச் சாவி, தொழிற்சாலைப் பெட்டிச் சாவி. தைவானில், ஆட்டுக் காது சூப்புக்கு முன்னால், ஓர் இன்ஜினீயர் இன்னோர் இன்ஜினீயர் கையில் இரும்பைக் கொடுக்கிறார். முதல் தடவை விழுந்து எழுந்தபோதும் கையில் சாவிக்கொத்து இருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் கலைந்த பின்னும் ஒரு மளிகைக்கடைக்காரர் மட்டும் போகாமல் நின்றார், தம்பி, கடை தொறக்கணும் என்று மெதுவாகச் சொன்னார், அதற்குப் பிறகுதான் அவன் சாவியைக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை ஒருமுறைகூட நினைத்ததில்லை. சைரன் நின்றது. விளக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், பேச்சிமுத்துவால் தட்ட முடியவில்லை, ஒரு கையை ரெஜினால்ட் இன்னும் விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி வந்தது, இனிப்பாக இருந்தது, முழுவதும் குடித்தான்.

வெளியே பேருந்துக்கு நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. பூங்கொடியும் சூ மேடமும் பொம்மைக் கடைக்குள் போனார்கள். ரெஜினால்ட் கையை நீட்டினார், பேச்சிமுத்து சாவியைக் கொடுத்தான். "இரும்பு ஒண்ணும் செய்யாதுன்னு எனக்கும் தெரியும், கேட்டியா. கை சும்மா இருக்கல்ல," என்றார். பிறகு, "நீ குளிக்கும்ப ஏன் தாப்பா போட மாட்டங்கன்னு இப்பத்தான் புரியுது. மூணு மாசமா உனக்கு வெக்கம் கிடையாதுன்னுல்லா நெனச்சேன்," என்றார். பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணே, பதினோரு வருசமாச்சுண்ணே. டாக்டரே நிறுத்திட்டாரு." "சரி." "விழுந்தாக்கூட கை பொத்தான விட்டுருமுல்லா." "அச்சு மாத்தும்ப?" அவனுக்கு, தனக்குள் மூன்று மாதம் நடந்த வழக்கை இன்னொருவர் ஒரே கேள்வியில் முடிப்பது ஆச்சரியமாக இருந்தது. "நான் லைன்ல நின்ன காலத்துல ஒருத்தனுக்கு நாலு வெரலு போச்சு. எதுக்க நின்னவனுக்கு ஒரு சீக்கும் சூக்கேடும் இல்ல, வெறும் தூக்கக் கலக்கம். அவன் இப்பவும் எனக்குப் போன் போடுவான். வெரலு போனவன் இல்ல, மத்தவன்." ரெஜினால்ட் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார். "நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன் மக்கா. ஆனா உன்ன அங்க நிறுத்தவும் மாட்டேன். காலையில ஷிப்டுக்கு முன்ன நீயே மேடத்துட்ட சொல்லிரு. முடியல்லைன்னா உனக்குக் காய்ச்சல்னு சொல்லுதேன், ஒரு நாளு. ஒரு நாளுதான்." அனுப்பிருவாங்களாண்ணே? "தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்யாயிரும்."

பேருந்தில் சூ மேடம் முன்னிருக்கையில், கடையில் வாங்கிய துணிக் கரடியை மடியில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பேச்சிமுத்து நாலு வரிசை பின்னால், பூங்கொடிக்குப் பக்கத்தில். நாளைக்கு என்றால் இன்றைக்கு ஒரு ராத்திரி இருக்கிறது, ராத்திரி முழுக்க இரண்டு பொத்தானும் ஏழெட்டு விநாடியும் மறுபடி வரும், விடிந்தால் காய்ச்சல் என்று சொல்லத் தோன்றிவிடும், காய்ச்சலுக்கு இந்த அம்மாள் மருந்து வேறு கொண்டுவருவாள். எழுந்தான். மேலே தொங்கிய பிடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னால் போனான். போய் நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்தான். "என்ன?" என்றாள் பூங்கொடி. "தூங்குறாங்க." "தூங்கினா எழுப்பு. என்ன விசயம்?" அவன் மணிக்கட்டில் இருந்த காகிதப் பட்டையைச் சுற்றிச் சுற்றி விட்டான். "அவங்க முழிக்கிற வரைக்கும் உங்கிட்டச் சொல்லிப் பாத்துக்கிடட்டா? ஒத்திகை மாதிரி." "சரி, நான் சூ மேடம்னு வெச்சுக்க. சொல்லு. இங்கிலீஷ்ல சொல்லோணும், தமிழ்ல சொன்னா எனக்கு என்ன புரியும்?" என்று அவள் கரடியைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டாள். மேடம் என்று தொடங்கினான். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் போனது, மூன்றாவது தமிழுக்கு மாறிவிட்டது. அவள் திருத்தவில்லை, கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொழிற்சாலை விடுதி வருகிறவரைக்கும் சொன்னானாம். நிறுத்தத்தில் ரெஜினால்ட் முதலில் இறங்கினார், பூங்கொடி பின்னால். திரும்பிப் பார்த்தபோது பேருந்துக் கண்ணாடிக்கு உள்ளே பேச்சிமுத்து இருக்கைகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தான். சூ மேடம் ஒரு காலில் செருப்பைப் போட்டு, மறு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விடியுமுன் பூங்கொடிக்கு விமானம். அப்புறம் என்ன ஆச்சு என்று அவள் அவனிடம் கேட்டதில்லை. "நல்லதா இருந்தா அவனே சொல்லியிருப்பான், இல்லாட்டி நான் எதுக்குக் கேக்கோணும்," என்றாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணமாகி வேலையை விட்டாள்.

எங்கள் கேன்டீனில் பேச்சிமுத்துவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் பேச்சு. அதைச் சொன்னவர்கள் யாரும் அவனை இங்கே பார்த்ததில்லை. நான் சரக்கு வரவுப் பிரிவில் இருக்கிறேன். தைவானிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும், பாகங்களை அளந்து சோதித்த தாள் ஒன்று இருக்கும், அடியில் சோதித்தவர் பெயரும் அறையும் தேதியும். பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்டோபர் இருபத்தொன்பது. அவன் பெயர் உள்ள முதல் தாள் நவம்பர் பதினாறு. கடைசித் தாள் போன வாரம் வந்த பெட்டியில் இருந்தது. அளவுச் சோதனை அறை, எண் இரண்டு. அங்கே இயந்திரம் என்று இருப்பது ஒரு நுண்ணோக்கியும் இரண்டு தராசும்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.